அலருக்குக் கூற்றில்லை: அகமரபும் புதுக்கோட்டை மோலியின் வழக்கும்

ஆய்வுச் சுருக்கம்

சங்க அகப்பாடல்களில் அலர் மிகுதியாகப் பேசப்படுகிறது. ஆனால் அலர் தூற்றுவோர் எங்கும் நேராகப் பேசுவதில்லை. ஊரார்க்கும் அயலார்க்கும் நேர்க்கூற்று இல்லை என்னும் தொல்காப்பியச் செய்யுளியல் விதி, பழிக்கு ஆளான பெண்ணின் சொல்லுக்கு முதலிடம் தரும் விதியாக வாசிக்கத்தக்கது. அவ்விதியை அளவுகோலாகக் கொண்டு, கோடைவாழ் நகரில் தொடங்கும் ஹென்றி ஜேம்சின் 'டெய்சி மில்லர்' குறுநாவலையும், 1915-இல் புதுக்கோட்டை மன்னர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமானை மணந்த மோலி பிங்க் என்னும் ஆஸ்திரேலியப் பெண்ணின் வழக்கையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அலர், அம்பல், கூற்று, கண்டோர், கோடைவாழிடம், புதுக்கோட்டை சமஸ்தானம்

பேசப்படும் அலர், பேசாத ஊர்

அலர் குறித்த ஆய்வுகள் பெரும்பாலும் அதன் பயனை நோக்கியே அமைந்துள்ளன. அலர் களவை வெளிப்படுத்துகிறது, தலைவனை வரைவுக்கு விரைவிக்கிறது, இற்செறிப்புக்கும் உடன்போக்குக்கும் காரணமாகிறது, காமத்தை மிகுவிக்கிறது. ஊரார் பழியை எருவாகக் கொண்டு காதல் வளர்வதாகக் கூறும் திருக்குறளின் அலரறிவுறுத்தல் அதிகாரமும் இப்பயன்நோக்கிற்கு அரண் செய்கிறது. இவை யாவும் உண்மையே. எனினும் அலரை யார் வாயிலாக நாம் கேட்கிறோம் என்னும் வினா இவ்வாய்வுகளில் போதிய இடம் பெறவில்லை.

களவியல் உரைகளுள் பழமையானதான இறையனார் அகப்பொருள் உரை, அம்பலையும் அலரையும் மலரின் நிலைகளாக வைத்துப் பிரிக்கிறது. அம்பல் முகிழ்த்த நிலை. இன்னது என வெளிப்படாத முணுமுணுப்பு. அலர் விரிந்த நிலை. இன்னாள் இன்னானோடு என வெளிப்பட்ட பேச்சு. இப்பாகுபாட்டின் நுட்பம் பெரிது. பேச்சின் அளவு கூடுவதன்று இங்கு வேறுபாடு. ஆள் சுட்டப்படுவதே வேறுபாடு. ஆனால் ஆள் சுட்டப்பட்ட அந்த அலர்கூட, பாடலுக்குள் வரும்போது மீண்டும் பெயரற்றதாகிவிடுகிறது. அகத்திணை மாந்தர்க்குப் பெயர் சுட்டலாகாது என்னும் விதி அதனைச் செய்கிறது. குறுந்தொகை 393-ஆம் பாடலில் பரணர், வாகைப் போர்க்களத்தில் அதிகன் வீழ்ந்த நாளில் கொங்கர் எழுப்பிய ஆரவாரத்தினும் பெரிது இவ்வலர் என்று தோழியைக் கூறவைக்கிறார். அலரின் பேரளவைக் காட்ட வந்த உவமைக்குள் போர்க்களத்தின் பெயர் வருகிறது, வீழ்ந்தவன் பெயர் வருகிறது. அலருக்கு ஆளானவளின் பெயர் வரவில்லை. ஊரெல்லாம் அறிந்த பெயரைப் படிப்போர் அறியார்.

பெயர் வெளிப்பட்டால் நேர்வது யாது என்பதற்குப் புறநானூறு சான்று தருகிறது. பெருங்கோழி நாய்கன் மகள் நக்கண்ணையார், போரவைக் கோப்பெருநற்கிள்ளி மீது கொண்ட காதலைப் பாடிய மூன்று பாடல்கள் (83, 84, 85) உணர்வால் அகம் சார்ந்தவை. தாய்க்கும் அவைக்கும் அஞ்சும் பெண்ணின் நிலையே அவற்றுள் முதற்பாடலின் பொருள். ஆயினும் தலைவன் இன்னான் எனத் தெரிந்துவிட்டதால் அவை புறத்தொகையில் சென்று சேர்ந்தன. பெயர் என்பது அகத்திற்கும் புறத்திற்கும் இடையிலான வேலி என இதனைக் கொள்ளலாம்.

இதனினும் வலியது செய்யுளியல் விதி. களவிலும் கற்பிலும் கூற்றுக்கு உரியோரை வரிசைப்படுத்தும் தொல்காப்பியர், அதனையடுத்து ஊர், அயல், சேரியோர், நோயின் காரணம் அறிவோர், தந்தை, தமையன் ஆகியோர்க்கு நேர்க்கூற்று இல்லை என்கிறார். அவர்கள் கூறியதாகப் பிறர் எடுத்துரைக்கலாம், அவ்வளவே. இதனை நாடகச் சிக்கனம் என்று கொண்டு கடந்துவிட இயலும். பாத்திரங்கள் பெருகினால் தனிப்பாடலின் செறிவு குலையும் என்பது உண்மையே. ஆனால் அதே ஆசிரியர் கற்புக்காலக் கூற்றுக்கு உரியோருள் பாணன், கூத்தன், விறலி, பரத்தை ஆகியோரைச் சேர்க்கிறார். வழியிற் காணும் கண்டோரையும் சேர்க்கிறார். சிக்கனம் மட்டுமே நோக்கமாயின், முன்பின் அறியாத வழிப்போக்கர்க்குக் கூற்றளித்து, நாள்தோறும் தலைவியைக் காணும் அயலார்க்கு மறுத்ததற்குக் காரணம் காட்ட இயலாது.

கண்டோர் என்ன பேசுகின்றனர் என்று பார்த்தால் காரணம் புலப்படும். குறுந்தொகை 7-ஆம் பாடலில் சுரத்திடைக் கண்டோர், ஆடவன் காலில் கழலையும் பெண்ணின் காலில் சிலம்பையும் காண்கின்றனர். சிலம்பு கழியாத கால் மணமாகாதவளைக் காட்டும். ஊரில் இக்காட்சி அலராகப் போதுமானது. சுரத்தில் அது இரக்கமாகிறது. இவர் யாரோ, அளியர் என்னும் அளவில் நிற்கிறது. யாரென அறியாதவர் கண்டதைக் கூறி இரங்குவர்; யாரென அறிந்தவர் காணாததையும் கூறுவர். முன்னவர்க்குக் கூற்றுண்டு, பின்னவர்க்கு இல்லை. அகமரபு அலரை மறைக்கவில்லை. அலரின் துன்பம் முழுவதையும் பாடுகிறது. ஆனால் அதனைத் தலைவி, தோழி, தலைவன் ஆகியோரின் நாவால் மட்டுமே பாடுகிறது. உலோச்சனாரின் நற்றிணை 149-ஆம் பாடலில் மூக்கின்மேல் விரல் வைக்கும் தெருப்பெண்டிரையும் சிறுகோல் கொண்டு வருத்தும் அன்னையையும் தோழியின் சொற்களில்தான் காண்கிறோம். அவளே ஊரைப் பழியைச் சுமந்து கிடக்க விட்டுவிட்டுத் தலைவனோடு செல்லும்படி தலைவியிடம் கூறுகிறாள். அலரின் இறுதிச் சொல் ஊருடையதன்று.

கண்டோர் ஊராகும் இடம்

கோடைவாழிடம் இம்மரபு காணாத ஓரிடம். அங்குக் கூடுவோர் ஒருவரையொருவர் முன்பின் அறியாதவர், ஆதலின் கண்டோர். சில வாரங்கள் ஒரே விடுதியில் தங்கி, ஒரே நடைபாதையில் உலவி, ஒரே மேசையில் உண்பவர், ஆதலின் ஊரார். கண்டோரின் அறியாமையும் ஊராரின் துணிவும் ஒருசேர அமைந்த கூட்டம் அது. காணாததைக் கூறுவதற்கு ஊரார்க்கேனும் நெடுநாள் பழக்கம் உண்டு. இவர்க்கு அதுவும் இல்லை.

1878-இல் வெளிவந்த 'டெய்சி மில்லர்' இக்கூட்டத்தின் இயல்பை மிக நுட்பமாகக் காட்டும் படைப்பு. ஜெனீவா ஏரிக்கரையில் உள்ள வெவே என்னும் கோடை நகரின் விடுதியில் கதை தொடங்குகிறது. அமெரிக்க இளம்பெண் டெய்சி, அறிமுகமாகிச் சில நிமிடங்களே ஆன வின்டர்போர்ன் என்னும் இளைஞனோடு தடையின்றிப் பேசுகிறாள். அவனோடு ஏரிக்கரைக் கோட்டையைக் காணச் செல்கிறாள். அவனுடைய அத்தை காஸ்டெல்லோ அம்மையார் தலைவலியைக் காரணமாகக் கொண்டு அறையைவிட்டு வெளிவராதவர். எனினும் அப்பெண்ணின் குடும்பம் பயணத் துணையாளனைத் தமக்குச் சமமாக நடத்துகிறது என்பது வரை அறிந்திருக்கிறார். டெய்சியைச் சந்திக்க மறுக்கிறார். கோடையில் வெவேயில் அம்பலாக இருந்தது குளிர்காலத்தில் ரோமில் அலராகிறது. ஜியோவனெல்லி என்னும் இத்தாலியனோடு அவள் உலவுவதைக் கண்ட வாக்கர் அம்மையார் தம் வண்டியில் ஏறுமாறு அழைக்கிறார், அவள் மறுக்கிறாள், பின்னர் விருந்தொன்றில் அவர் அவளுக்குப் புறம் காட்டித் திரும்புகிறார். நிலவொளியில் கொலோசியத்தைக் காணச் சென்று காய்ச்சல் கண்டு டெய்சி இறக்கிறாள்.

இக்குறுநாவலின் கூற்றமைப்பு அகமரபுக்கு நேர்மாறானது. அத்தைக்குக் கூற்றுண்டு; வாக்கர் அம்மையார்க்குக் கூற்றுண்டு; விடுதியில் தங்கியோர்க்கும் உண்டு. டெய்சி பேசுகிறாள், நிறையவே பேசுகிறாள். ஆனால் அவள் பேச்சு யாவும் வின்டர்போர்னின் செவி வழியே, அவன் ஐயத்தால் வடிகட்டப்பட்டே நம்மை அடைகிறது. தனித்திருந்து அவள் எண்ணியது யாது என்பது நூலில் இல்லை. இறக்குமுன் தான் யாருக்கும் நிச்சயிக்கப்பட்டவள் அல்லள் என்று அவள் சொல்லியனுப்பியதும் தாயின் வாயிலாகவே வருகிறது. அவளுக்குத் தாய் இருக்கிறாள், தம்பி இருக்கிறான், பணம் இருக்கிறது, தோழி இல்லை. அகப்பாடலின் கண்கொண்டு இந்நூலைப் படிப்போர்க்கு முதலில் உறுத்துவது இவ்வின்மையே. ஜேம்ஸ் அலர் தூற்றுவோரை எள்ளுகிறார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் எள்ளுவதற்காகவேனும் அவர்க்குத்தான் மேடையைத் தருகிறார்.

இந்தியாவின் மலைவாழிடங்களும் இத்தகைய இலக்கியத்தைத் தோற்றுவித்தன. சிம்லாவைக் களமாகக் கொண்ட கிப்ளிங்கின் மலைக்கதைகள் (1888) பழிச்சொல்லையே கதைப்பொருளாக்கின. அவற்றில் அலர் விளையாட்டாகி, வேதனை மறைந்துவிடுகிறது. தென்னாட்டில் உதகமண்டலம் சென்னை மாகாண அரசின் கோடைத் தலைநகராக இருந்தது. கொடைக்கானலில் புதுக்கோட்டை அரச குடும்பத்திற்கும் 'டிரெடிஸ்' என்னும் கோடை மாளிகை இருந்தது. ஆட்சியே மலையேறிய இவ்விடங்களில் ஊராரும் அரசும் வேறுவேறல்லர். விருந்தில் யார் எங்கு அமர்வது, யார் யார் வீட்டுக்கு முதலில் சென்று காண்பது என்பன அரசுமுறை வரிசைகள். ஒரு பெண்ணை ஏற்பதா மறுப்பதா என்னும் மேல்நாட்டுச் சமூக வழக்கு இங்கு நிருவாகக் கோப்பாகவும் ஆகக்கூடியது. புதுக்கோட்டையின் வழக்கை விளங்கிக்கொள்ள இப்பின்புலம் இன்றியமையாதது.

வரைவுக்குப் பின்னும் ஓயாத அலர்

மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1886-இல் சிறுவனாக அரியணை ஏறி, 1894-இல் முழு ஆட்சியுரிமை பெற்றவர். ஆங்கில ஆசிரியரிடம் கற்றவர். அயல்நாட்டுப் பயணத்தில் நாட்டம் மிக்கவர். மன்னர்களின் வெளிநாட்டுப் பயணங்களைக் கட்டுப்படுத்தக் கர்சன் பிரபு 1900-இல் சுற்றறிக்கை விடுக்கும் அளவுக்கு, அக்காலத்தில் இத்தகைய பயணங்கள் அரசின் கவலையாக இருந்தன. 1915-இல் ஆஸ்திரேலியா சென்ற மன்னர், மெல்போர்னைச் சேர்ந்த மோலி பிங்க்கைக் கண்டு காதல் கொண்டார். எஸ்மி மேரி சொரெட் பிங்க் என்பது அவரது முழுப்பெயர். 1894 செப்டம்பரில் பிறந்த அவருக்கு 1915 ஆகஸ்ட் 10-ஆம் நாள் பதிவுத் திருமணம் நடந்தபோது வயது இருபது; மன்னருக்கு முப்பத்தொன்பது.

அகமரபில் களவு அலர் வரைவோடு ஓயும். கற்பிலும் அலருண்டு எனத் தொல்காப்பியம் கூறினாலும் அங்குப் பழிக்குரியவன் பரத்தையிற் பிரிந்த தலைவனே. தலைவி அதனால் வருந்துபவள் மட்டுமே. மோலியின் வழக்கில் வரைவே அலராயிற்று. மறைவாக ஏதும் நிகழவில்லை. சட்டப்படி பதிவான, செய்தித்தாள்கள் அறிந்த திருமணம் அது. ஆனால் வெள்ளையினப் பெண் இந்திய மன்னரை மணந்தாள் என்பதே பழியாயிற்று. ஆங்கில அரசு அவருக்கு அரசிக்குரிய பட்டத்தை வழங்கவில்லை. இவர் ஒருவர்க்கு மட்டும் நேர்ந்ததன்று இது. 1908-இல் கபூர்தலா மன்னரை மணந்த ஸ்பெயின் நாட்டு அனிதா தெல்காதோவையும் அவ்வரசு அரசியாக ஏற்கவில்லை. எனவே மோலியின் தனி நடத்தை இங்கு வினாவே அன்று. அவர் எவ்வாறு நடந்திருப்பினும் விடை ஒன்றே. தலைவியின் ஒழுக்கத்தைப் பற்றியதாகத் தோன்றும் அலர், உண்மையில் எல்லையைக் காப்பது பற்றியது என்பதை இவ்வழக்கு வெளிப்படையாக்குகிறது. சங்கப் பாடலின் ஊர் குடி காத்தது. மாகாண அரசு நிறம் காத்தது.

புதுக்கோட்டையில் அவர்கள் வாழ்ந்தது சில மாதங்களே. மோலி கருவுற்றிருந்தபோது அவருக்கு அரளி நஞ்சு கொடுக்கப்பட்டதாக அவரது வாழ்க்கை வரலாறு கூறுகிறது. கொடுக்கப்பட்டதாக என்னும் செயப்பாட்டு வினை கருதத்தக்கது. செய்தவர் இன்னார் எனச் சுட்டாத, முகிழ்த்து நிற்கும் பேச்சு. இறையனார் அகப்பொருள் உரையின் சொல்லில் கூறினால் அம்பல். அவரைப் பற்றி எழுந்த பேச்சு பெயர் சுட்டி அலராகப் பரவியது. அவருக்கு எதிராக நிகழ்ந்ததாகக் கூறப்படுவது அம்பலாகவே நின்றுவிட்டது. 1916-இல் இருவரும் ஆஸ்திரேலியா திரும்பினர். அவ்வாண்டு ஜூலையில் சிட்னியில் பிறந்த மகனுக்கு மார்த்தாண்ட சிட்னி தொண்டைமான் என்று பெயரிட்டனர். அம்மகனுக்கு அரசுரிமை மறுக்கப்பட்டது. மன்னர் 1921-இல் ஆட்சிப் பொறுப்பிலிருந்து விலகி அயல்நாட்டிலேயே தங்கினார். உடன்பிறந்தவரான விஜய ரகுநாத துரைராஜா ஆட்சிப் பொறுப்பாளரானார். 1928 மே 28-இல் பாரிசில் மன்னர் இறந்தபின், அரசு தேர்ந்தெடுத்தது ஆறு வயதுச் சிறுவரான இராஜகோபால தொண்டைமானை.

புதுக்கோட்டையின் அரசமைப்பை ஆராய்ந்த நிக்கோலஸ் டர்க்ஸ், ஆங்கிலேயர் காலத்தில் இவ்வரசின் முடி உள்ளீடற்றதாயிற்று என்று 1987-இல் வெளிவந்த 'ஹாலோ கிரவுன்' நூலில் வாதிட்டார். படையும் போரும் நீங்கிய அரசில் மன்னரிடம் எஞ்சியவை சடங்குகளும் தனிவாழ்வும். அவரது ஆய்வை இவ்வழக்கோடு இணைத்துப் பார்க்க இடமுண்டு. அரசின் உள்ளீடு குறையக் குறைய, மன்னர் யாரை மணந்தார் என்பதன் எடை கூடுகிறது. அவ்வெடை முழுதும் இருபது வயதுப் பெண் ஒருத்தியின் மேல் இறங்கியது. மன்னரின் இழப்பைப் பட்டத்தாலும் நாட்டாலும் அளக்க இயலும். மோலியின் இழப்பு பிறர் வாயில் இருந்தமையால் அளவிடற்கு எளிதன்று. ஆகவே வரலாற்று நூல்கள் மன்னரின் இழப்பையே முதன்மையாகப் பேசுகின்றன. இது சான்றுகளின் இயல்பால் நேர்ந்த சாய்வு எனினும் சாய்வே.

எட்வர்ட் டைக்கர், கோரலி யங்கர் இருவரும் எழுதிய 'மோலி அண்ட் தி ராஜா' (1991) இச்சாய்வை ஓரளவு நேர்செய்ய முயன்ற நூல். ஆயினும் இத்தகைய வரலாற்றுக்குக் கிடைக்கும் பொருள் பெரிதும் செய்தித்தாளின் சொல்லும் அலுவலரின் குறிப்புமே. செய்யுளியல் யார்க்குக் கூற்றை மறுத்ததோ அவர்களே இங்குக் கூற்றுக்குரியோர். அகப்பாடலில் ஊரின் சொல்லை நாம் தலைவியின் வழியாக அறிகிறோம். மோலியையோ ஊரின் சொல் வழியாகவே அறிகிறோம்.

தன் கூற்றைத் தானே எழுதியவர்

இதே சமஸ்தானத்தில், இதே மன்னரின் காலத்தில், சில ஆண்டுகளுக்கு முன் மற்றொரு இளம்பெண் ஊராரின் பேச்சுக்கு ஆளாகியிருந்தார். 1886-இல் புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி, ஆடவர் மட்டுமே பயின்ற மன்னர் கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது எதிர்ப்பு எழுந்தது. பெண் ஒருத்தி வகுப்பில் இருந்தால் மாணவர் ஒழுக்கம் கெடும் என்பது வெளிப்படையாகக் கூறப்பட்ட காரணம். தாய் சந்திரம்மாள் தேவதாசி மரபுக் குடும்பத்தவர் என்பது அதற்குப் பின்னிருந்த பேச்சு. எதிர்ப்பை மீறி இடமளித்தவர் மார்த்தாண்ட பைரவ தொண்டைமான். பிற்காலத்தில் தம் மனைவிக்கு ஆங்கில அரசிடம் பெற்றுத்தர இயலாத ஏற்பை, அம்மன்னர் தம் ஊரின் மாணவிக்குத் தம் கல்லூரியில் பெற்றுத்தர முடிந்தது. அவரது அதிகாரம் எதுவரை சென்றது என்பதை இவ்விரு நிகழ்ச்சிகளும் சேர்ந்து காட்டுகின்றன.

முத்துலட்சுமி திரையிட்ட வண்டியில் கல்லூரிக்குச் சென்றார். 1912-இல் மருத்துவப் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிரான தீர்மானத்தைக் கொண்டுவந்தார். தாயின் மரபைச் சொல்லி ஊர் தூற்றிய பேச்சை, அம்மரபையே வினாவாக்கிச் சட்டமன்றத்தில் பேசியவர் எனக் கூறலாம். அத்தீர்மானம் தேவதாசிப் பெண்கள் சிலரின் எதிர்க்கூற்றைப் போதிய அளவு கேட்டதா என்னும் திறனாய்வு இன்று எழுந்துள்ளது, அது புறக்கணிக்கத்தக்கதன்று. அலருக்கு ஆளானவள் கூற்றுரிமை பெற்றபின் பிறர் கூற்றை எவ்வாறு கையாள்கிறாள் என்னும் வேறொரு வினாவை அது எழுப்புகிறது. இங்குக் கருதத்தக்கது, கல்லூரியில் அவரைப் பற்றி எழுந்த பேச்சு இன்று நமக்கு எவ்வாறு கிடைக்கிறது என்பதே. எதிர்த்தோர் தம் பெயரால் நம்மிடம் வந்து பேசுவதில்லை. அவர்கள் கூறியது, பின்னாளில் முத்துலட்சுமி எழுதிய தன்வரலாற்றில் கொண்டெடுத்து மொழியப்பட்ட அளவிலேயே பெரிதும் எஞ்சியுள்ளது. தொல்காப்பியர் விதித்த அமைப்பு, அவ்விதியை எண்ணாமலே எழுதப்பட்ட ஆங்கிலத் தன்வரலாறு ஒன்றில் நிறைவேறியிருக்கிறது.

அத்தன்வரலாறு 1964-இல் சென்னையில் வெளிவந்தது. அப்போது மோலி பிரான்சின் கான் நகரில், கோடைக்கும் குளிர்காலத்திற்கும் அயலார் வந்து தங்கும் கடற்கரையில் வாழ்ந்துகொண்டிருந்தார். மூன்றாண்டுகளுக்குப் பின் 1967 நவம்பரில் அங்கேயே இறந்தார். அவர் தன்வரலாறு எழுதி வெளியிடவில்லை. அவரைப் பற்றிய நூல், அவர் இறந்து இருபத்துநான்கு ஆண்டுகளுக்குப் பின் பிறரால் எழுதப்பட்டது.